லாயர் அக்காவிடம் கேளுங்க: பார் கமிட்டி நமக்கு என்ன செய்யும்?

(பினாங்கில் பல வருஷம் வழக்காடி ஓய்வு பெற்றவள் நான். இன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பதில் சொல்றேன். சொத்துத் தகராறை மட்டும் கொண்டு வராதீங்க.)

பட்டர்வொர்த்: அக்கா, பார் கமிட்டி கவர்மெண்ட் ஆபிசா?

இல்லை. 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, தீபகற்பத்தில் லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்யும் லாயர் எல்லாருமே மலேசிய வழக்கறிஞர் மன்றத்தில் உறுப்பினர்தான். பிடிக்குதா இல்லையான்னு யாரும் கேட்க மாட்டாங்க. அந்த மன்றத்தைத்தான் 'பார்'னு சொல்றோம். அதோட மாநிலக் கிளை பினாங்கு பார் கமிட்டி. சபா, சரவாக் தனி. வசதி இல்லாதவங்களுக்குச் சட்ட உதவி மையம் நடத்துறாங்க. அதுக்கு லாயர்களே ஆளுக்கு வருஷம் 100 வெள்ளி போடுறாங்க. வருமானம் எவ்வளவுன்னு பார்ப்பாங்க, சம்பளச் சீட்டை எடுத்துட்டுப் போங்க.

நிபோங் திபால்: தம்பியை நேத்து ராத்திரி பாலாய்க்கு (போலிஸ் நிலையத்துக்கு) கொண்டுபோயிட்டாங்க. அம்மா அழுதுட்டே இருக்காங்க. என்ன செய்றது?

முதல்ல, எந்தப் பாலாய், விசாரணை அதிகாரி யாரு, அவர் போன் நம்பர் என்னன்னு கேட்டு எழுதிக்குங்க. விசாரிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்கும் லாயருக்கும் பேச தம்பிக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு அதைத்தான் சொல்லுது. 24 மணி நேரத்துக்குள்ள மகிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். அங்கே போலிஸ் ரிமாண்ட், அதாவது விசாரணைக் காவல், கேட்கும். 14 வருஷத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றம்னா முதல்ல 4 நாள் வரைக்கும், அடுத்து 3 நாள் வரைக்கும். 14 வருஷமோ அதுக்கு மேலோன்னா முதல்ல 7 நாள் வரைக்கும், அடுத்து 7 நாள் வரைக்கும்.

இந்த இடத்துலதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறாங்க. ரிமாண்ட் நாள் காலையில் லாயர் ஒருத்தர் பக்கத்துல நின்னு, "இவனுக்கு ஆஸ்துமா, மருந்து வேணும், 4 நாள் எதுக்கு, 2 நாள் போதும்"னு சொன்னா மகிஸ்திரேட் கேட்பார். அந்த லாயருக்கு நீங்க காசு தர வேண்டாம். அரசாங்கப் பணத்துல நடக்கும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை 2012-லிருந்து இதைச் செய்யுது, மலேசியர்களுக்கு மட்டும். போய் நிக்கிறது நம்ம பார் லாயர்கள்தான். ஒருநாள் ஒரு அம்மா நாசி லெமாக் பொட்டலத்தோட தப்பான கோர்ட் வாசல்ல மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. மகனுக்கு ரிமாண்ட் கொடுத்து முடிஞ்சே போச்சு. நீங்க எட்டு மணிக்கே போய், எந்த அறைன்னு கேளுங்க. உதவிக்கு வர்ற லாயர் பேரையும் எழுதிக்குங்க.

ஆயர் ஈத்தாம்: வீட்டுக்காரர் 1,800 வெள்ளி டெபாசிட்டைத் திருப்பித் தரலை.

மகிஸ்திரேட் கோர்ட்ல 'சின்னக் கோரிக்கை' வழக்கு போடுங்க, படிவம் 198. 5,000 வெள்ளி வரைக்கும். அதுல உங்களுக்காக லாயர் பேச முடியாது, அதனால லாயர் காசு மிச்சம்.

பிறை: கோர்ட் வாசல்ல ஒருத்தர் 2,000 வெள்ளிக்கு எல்லாம் முடிச்சுத் தர்றேன்னார். நம்பலாமா?

நம்பாதீங்க. மன்றத்தோட இணையப் பக்கத்துல பேரைத் தேடுங்க. பேர் இல்லைன்னா அவர் லாயர் இல்லை. காசு கம்பெனி கணக்குக்குத்தான் போகணும், ரசீது வாங்கணும்.

ஜெலுத்தோங்: அந்த ஏஜெண்டு தெரிஞ்சவர்தான் அக்கா...

பேரைத் தேடுங்க. ரசீது வாங்குங்க.

செபராங் ஜெயா: லாயர்களுக்கு ஊர்வலம் போக நேரம் இருக்கு. நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க ஐசி (அடையாள அட்டை) இல்லாம நிக்குது, அதுக்கு நேரமில்லை!

26.9.2007 அன்னைக்குப் புத்ராஜெயாவுல நீதிபதி நியமனம் பத்தி சுமார் 2,000 லாயர்கள் ஊர்வலமா போனதைச் சொல்றீங்களா? நீதிபதி நியமனத்துல சந்தேகம் வந்தா, ஐசி கேஸும் அதே நீதிபதிகிட்டத்தான் போகும்ங்க. அந்த 1976 சட்டத்தோட 42-ஆம் பிரிவைப் படிங்க: தன் நலன் பார்க்காம, பயமோ பாரபட்சமோ இல்லாம நீதியைக் காக்கிறது மன்றத்தோட முதல் நோக்கம். ஏழைக்கு லாயர் கிடைக்க ஏற்பாடு பண்றதும் அதே பிரிவுல இருக்கு. ரெண்டும் ஒரே வேலைதான்.

செபராங் ஜெயா: பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு.

தைப்பிங்: விடுங்க அண்ணே, அவங்க நடக்கலைன்னா வேற யார் கேட்கிறது?

செபராங் ஜெயா: பினாங்குல நடந்து காட்டட்டும்!

லைட் ஸ்திரீட் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற நினைவுச் சின்னம் யாருக்குன்னு தெரியுமா? லோகன், 1869-ல் செத்த ஸ்காட்லாந்து லாயர். வெள்ளைக்காரர் அல்லாதவங்களுக்காக வாதாடினார். இந்த ஊர்ல அது பழைய பழக்கம். ஐசிக்கு வருவோம். அந்தக் குறை நிஜம், ஒத்துக்கிறேன். ஆனா பாதிப் பிரச்சினை எங்கே ஆரம்பிக்குது? கோயில்ல தாலி கட்டியாச்சு, பதிவு வேண்டாம்னு விடுறாங்க. 1.3.1982-க்கு அப்புறம் பதிவில்லாத கல்யாணத்தைச் சட்டம் ஏத்துக்கிறதில்லை. அப்போ பிள்ளையோட குடியுரிமை அம்மாவோட குடியுரிமையைப் பார்த்துத்தான் போகும். அம்மா வெளிநாட்டுக்காரர்னா, அப்பா மலேசியரா இருந்தும் பிரயோஜனமில்லை. இதை மன்றம் மட்டும் சொன்னா போதாது, கோயில் கமிட்டியும் முகூர்த்தத்துக்கு முன்னாடி சொல்லணும்.

செபராங் ஜெயா: அதைச் சொல்லுங்க முதல்ல.

சொல்லிட்டேன்!

கூலிம்: என் லாயர் காசை வாங்கிட்டுப் போனே எடுக்கலை. பார் கமிட்டி தண்டிக்குமா?

தண்டிக்கிறது கோலாலம்பூர்ல இருக்கிற ஒழுங்கு நடவடிக்கை வாரியம், அது தனி. எழுத்துல புகார் கொடுங்க. ரசீது இருக்குதானே?

பாலிக் பூலாவ்: அக்கா, பார் கமிட்டி கவர்மெண்ட் ஆபிசா?

மேலே போய் முதல் பதிலைப் படிங்க.

நிபோங் திபால்: அக்கா, 2 நாள்தான் கொடுத்தாங்க. அந்த லாயர் பேசினார்.

பேர் எழுதி வெச்சீங்களா? அம்மா சாப்பிட்டாங்களா?