எஃப் போட்ட பிராசஸர் கழித்த சரக்கா?

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் கேட்கிறார்: "வீட்டில் டாலி கணக்கு, மகனுடைய ஆன்லைன் படிப்பு, அவ்வளவுதான் வேலை. கேம் கிடையாது, கிராபிக்ஸ் கார்டும் வாங்கப்போவதில்லை. இன்டெல் ஐ5-12400எஃப் 2.5 கிகாஹெர்ட்ஸ், ரைசன் 5 5600 3.5 கிகாஹெர்ட்ஸ். எஃப் என்றால் கம்பெனி கழித்த பீஸ், ரைசனே எடுங்கள் என்கிறார் கடைக்காரர். எடுக்கட்டுமா?"

இரண்டும் வேண்டாம். திரைக்குப் படம் அனுப்பும் உள் கிராபிக்ஸ் இரண்டிலுமே இல்லை. கார்டு போடாமல் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் குத்தினால் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். போர்டு போச்சு என்று அப்படியே தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

அப்புறம் அந்தக் 'கழித்த பீஸ்' கதை. நம்மூர் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பை முழுசு, பிளவு, குருணை என்று பிரித்து வைப்பார்கள். பிளவை யாராவது அழுகல் என்பார்களா, பாயசத்துக்கு அதுதானே போகிறது! சிப்பிலும் இதே தரம்பிரிப்புதான். 300 மில்லிமீட்டர் அகல சிலிக்கான் வட்டில் பத்து இடத்தில் குறை விழுந்தது என்று வையுங்கள். அதில் ஐம்பது பெரிய சில்லு வெட்டினால் பத்து போச்சு, ஐந்நூறு சின்னது வெட்டினாலும் கிட்டத்தட்ட அதே பத்துதான் போகும். 2019-ல் ரைசன் கம்பெனியான ஏஎம்டி, கணக்குப் போடும் பகுதிகளான கோர்களை மட்டும் தனியாக, சுமார் 74 சதுர மில்லிமீட்டர் சில்லாக அடித்ததில் இந்தக் கணக்கும் இருக்கிறது. குறை விழுந்ததையும் உடனே தூக்கி எறிவதில்லை, கெட்ட பகுதியை மூடிவிட்டு மிச்சத்தை விற்கலாம். எஃப்பில் மூடியிருப்பது கிராபிக்ஸ். கடைக்காரர் சிபாரிசு செய்த 5600-ம் எட்டு கோர் சில்லில் இரண்டை மூடியதுதான், அதை மட்டும் ஏன் கழித்த பீஸ் என்று சொல்லவில்லையோ தெரியவில்லை.

கிகாஹெர்ட்ஸ்? நொடிக்கு எத்தனை நூறு கோடி துடிப்பு என்ற கணக்கு அது. 2.5-ம் 3.5-ம் அடிப்படை வேகம். தேவைப்படும்போது இரண்டுமே 4.4 வரை ஏறும். அதோடு, வேறு வேறு கம்பெனி சிப்புகளை இந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது, ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது டிசைனுக்கு டிசைன் மாறும். 2004-ல் இன்டெல்லின் 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ 2.6-ல் ஓடிய ஏஎம்டியின் ஆத்லான் 64 எஃப்எக்ஸ்-55 கேம்களில் முந்தியது.

உங்களுக்கு எஃப் இல்லாத 12400, இல்லையென்றால் 5600ஜி. எது விலை குறைவோ அதை எடுங்கள், டாலிக்கு இரண்டுமே தாராளம். பில் போடும் முன் பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள்: இன்டெல்லில் கடைசியில் எஃப் இருக்கக் கூடாது, 5600-க்குப் பின்னால் ஜி இருந்தே ஆக வேண்டும்.