இறால் கூண்டுக்கு எந்த இரை?

கேள்வி: பொழுதுபோக்காகக் கூண்டு வைத்து இறால் பிடிக்கிறேன். கடையில் விற்கும் இரைக்கே பணம் கரைகிறது. செலவு குறைந்த மாற்று உண்டா?

பதில்: உண்டு, அது பெரும்பாலும் மீன் வெட்டுமிடத்தில் கழிவாகக் கிடக்கிறது. இறால் தன் சிற்றுணர்கொம்புகளால் நீரில் கரைந்துவரும் வாசனையை அறிந்தே இரையைத் தேடி வருவதால், இரையின் விலையை விட அதிலிருந்து கசியும் எண்ணெயும் சாறும்தான் முக்கியம். மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களின் தலையையும் குடலையும் உறையவைத்துச் சேமியுங்கள். அவற்றைத் துளையிட்ட சிறு டப்பாவில் அடைத்துக் கூண்டின் நடுவே கட்டினால், நண்டும் சிறுமீனும் எளிதில் தின்று தீர்க்க முடியாமல் வாசனை மட்டும் தொடர்ந்து பரவும். மீன் கலந்த பூனை உணவு டப்பாவில் ஆணியால் சில துளைகள் போட்டும் வைக்கலாம்.

வீச்சு வலை வீசுபவர் எனில், மீன்தூளைக் களிமண்ணோடு பிசைந்து, நீரோட்டத்தில் உருளாதபடி தட்டையாகத் தட்டிப் போடுங்கள். களிமண் மெல்லக் கரைவதே இதன் நுட்பம். சில இடங்களில் இரை போட்டு வலை வீசத் தடை இருப்பதால், விதிகளை முதலில் பார்த்துவிடுங்கள்.

மலிவாகக் கிடைத்தாலும், உணவுக்காக விற்கப்படும் பச்சை இறாலை மட்டும் இரையாக்காதீர்கள். இறால்களைக் கொல்லும் வெண்புள்ளி நோயின் வைரஸ் உறைநிலையிலும் அழியாது. அதன்வழி நீங்கள் மீன்பிடிக்கும் நீர்நிலைக்கே நோய் பரவக்கூடும்.