கார் கடனுக்கு முன் கடன் அட்டையா, தவணை மோட்டாரா?

தம்பி, ஊரிலிருந்து வந்து மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். பின்னால் கார் கடன் கிடைக்க வேண்டுமானால் இப்போதே கடன் அட்டை எடுப்பதா, தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்துக் கட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டையே போதும், அதுவும் ஒன்றே ஒன்று, குறைந்த வரம்போடு.

இந்தியாவில் உங்கள் சிபில் கடன் மதிப்பெண் எவ்வளவு உயர்வாக இருந்தாலும் இங்குள்ள வங்கிக்கு அது கணக்கில்லை. அவர்கள் பார்ப்பது மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் தகவல் பதிவு. அதில் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 12 மாதங்களுக்கான கட்டங்கள் இருக்கும். பாக்கியில்லாத மாதத்தில் 0 என்றும், ஒரு மாதத் தவணை நின்றிருந்தால் 1 என்றும் விழும். அந்தச் சுழியங்களை மோட்டார் கடனில் பெற வட்டி கட்ட வேண்டும். போதாக்குறைக்கு வெளிநாட்டவர் என்பதால் உள்ளூர்ப் பிணையாளரையும் கேட்கக்கூடும். நீங்கள் தவறினால் நம்பிக் கையெழுத்திட்டவரின் தலையில் அது விழும் என்பதால், வண்டி உண்மையிலேயே தேவைப்பட்டாலொழிய அந்த வழி வேண்டாம் என்பேன்.

அட்டையில் மின்கட்டணத்தையும் கைப்பேசிக் கட்டணத்தையும் மட்டும் போட்டு, பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு, சில அட்டைகளுக்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. ஆனால் பில்லில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் பழக்கம் வந்துவிடக் கூடாது. 3,000 ரிங்கிட் பாக்கி நிற்கிறதென்றால் 5 விழுக்காடாகிய 150 ரிங்கிட்டைக் கட்டுவீர்கள். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டியில் ஏறத்தாழ 45 ரிங்கிட் வட்டிக்கே போய்விடும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. பதிவில் 0 விழுந்துகொண்டே இருக்கும், கடனோ கரையாது. இப்படிச் சிக்கியவர்கள் கடைசியில் வட்டி முதலைகளிடம் போய் நிற்பதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

டெபிட் அட்டை உங்கள் சொந்தப் பணம், அதனால் கடன் பதிவு உருவாகாது. நண்பர்களோடு பிடிக்கும் கூட்டும் (ஊரில் சீட்டு என்பார்களே, அது) எந்தப் பதிவிலும் ஏறாது. அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

வேலை பெர்மிட்டில் எஞ்சியிருக்கும் காலம் குறைவு என்று வங்கி மறுத்தால், நிரந்தர வைப்புத் தொகையைப் பிணையாக வைத்து அட்டை தருவார்களா என்று கேளுங்கள். அந்தத் தொகையை எடுக்க முடியாதே தவிர, அதற்குரிய வட்டி உங்களுக்கு வந்துகொண்டிருக்கும். மறுத்த ஆத்திரத்தில் நான்கைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்துவிடாதீர்கள், விண்ணப்பங்களும் சிசிஆர்ஐஎஸ்ஸில் தெரியும். கார் கடனுக்குப் போகுமுன் உங்கள் அறிக்கையை பேங்க் நெகாராவிடம் இலவசமாகப் பெற்று, தவறான பதிவு ஏதும் இருந்தால் சம்பந்தப்பட்ட வங்கியிடம் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள்.