கவுன்சலிங்கில் பயந்து வரிசை போடாதீர்கள்

வணக்கம் அம்மா,

கொருக்குப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். நான் பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டுத் துறைமுகத்தில் வேலைக்குப் போகிறேன். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை. தங்கை இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 81. எம்.பி.சி. பிரிவு. இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குப் பதிந்திருக்கிறோம். முதல் சுற்றில் அவளைக் கூப்பிடவில்லை. இதற்குள் செங்குன்றம் தாண்டி இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் இருந்து தினமும் போன் வருகிறது. 10,000 ரூபாயும் அசல் மார்க் ஷீட்டும் கொடுத்தால் இடம் பிடித்து வைப்பார்களாம். பாரதி மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில், "பெரிய காலேஜை மேலே போட்டால் ஒண்ணுமே கிடைக்காது, கிடைக்கிறதை முதல்ல போடு" என்கிறார்கள். எதை நம்புவது?

வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

பிரவுசிங் சென்டரில் சொன்னதைக் கேட்டுவிடாதீர்கள். ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகளுக்கு எட்டியிருக்க வேண்டிய கல்லூரி இந்த ஒரு பேச்சால் தவறிப்போகிறது.

இடம் ஒதுக்கும் முறை இதுதான். கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குக் கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு. தங்கைக்கு 84 + 39 + 40.5, ஆக 163.5. கட்-ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு ரேங்க் வந்துவிடும். கணினி அந்த ரேங்க் வரிசையில்தான் இறங்கி வரும். தங்கையின் முறை வரும்போது அவள் போட்ட முதல் விருப்பத்தைத் திறக்கும். அங்கே பொதுப்பிரிவில் இடம் இருந்தால் அதைக் கொடுக்கும், இல்லாவிட்டால் எம்.பி.சி. இடத்தைப் பார்க்கும். இரண்டும் தீர்ந்திருந்தால் இரண்டாவது விருப்பத்துக்குப் போகும். அவளுக்கு ஒன்றை ஒதுக்கிய பிறகுதான் அடுத்த ரேங்க்காரரைத் தொடும்.

எட்டாத கல்லூரிகள் பத்தை மேலே போட்டால் பத்தும் தாண்டிப் போகும், அவ்வளவுதான். பதினொன்றாவது இடத்தில் இருக்கும் கல்லூரியில் அவள் வாய்ப்பு ஒரு துளிகூடக் குறையாது. "எங்களை முதலில் போட்டவர்களுக்கே முன்னுரிமை" என்று எந்தக் கல்லூரியும் சொல்ல முடியாது, யார் எத்தனையாவதாகப் போட்டார்கள் என்பது ஒதுக்கீட்டில் கணக்கே இல்லை. ஆனால் கிடைக்கிற கல்லூரியை முதலில் போட்டால் அது கிடைத்துவிடும், கணினி அங்கேயே நின்றுவிடும். அதைவிட நல்லது கீழே காலியாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. ஆகவே மனதில் எது முதலோ அதுவே பட்டியலிலும் முதல்.

பட்டியலை எங்கே முடிப்பது என்பதும் முக்கியம். இந்தக் கல்லூரி கிடைத்தால் போவாளா, பாரதியில் பி.எஸ்சி. கணிதமே மேல் என்பாளா? ஒவ்வொரு கல்லூரிக்கும் இந்தக் கேள்வியைத் தங்கையிடமே கேளுங்கள். பி.எஸ்சி.யே மேல் என்று அவள் சொல்லும் இடத்தில் கோடு போடுங்கள். அதற்குக் கீழே எதையும் சேர்க்க வேண்டாம். விருப்பங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. ஒரே கல்லூரியின் ஒவ்வொரு பாடப்பிரிவும் தனி விருப்பம். கோட்டுக்கு மேலே ஐம்பது வந்தாலும் தாராளமாகப் போடலாம்.

முதல் சுற்றில் கூப்பிடவில்லை என்று பதற வேண்டாம். அண்மை ஆண்டுகளில் மூன்று சுற்று நடக்கிறது, 163.5 இரண்டாம் சுற்றில் வரும் மதிப்பெண். சென்ற ஆண்டு எந்தக் கல்லூரியில் இடம் எதோடு முடிந்தது என்ற பட்டியலைப் பார்க்கும்போது கட்-ஆஃபை விட ரேங்க்கை நம்புங்கள். வினாத்தாள் எளிதாக இருந்தால் அதே 163.5-க்கு ரேங்க் பின்னே போய்விடும். எம்.பி.சி. பத்தியையும் தவறாமல் பாருங்கள், பொதுப்பிரிவுப் பத்தியை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம்.

போடும்போது பெயரை வைத்துப் போடாதீர்கள், கல்லூரிக் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் மூன்று நான்கு கல்லூரிகள் இருக்கும். பாடப்பிரிவின் பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, அரசுக் கல்லூரியாக இருந்தாலும் கட்டணம் கூடுதல். 'தமிழ் வழி' என்பதும் தனிக் குறியீடு. படிப்பின் தரத்தைப் பார்த்துத் தரும் என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரி முழுவதற்கும் பொது அல்ல, பிரிவுக்குப் பிரிவு தருவது. "எங்களுக்கு என்.பி.ஏ. இருக்கிறது" என்றால் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். புதிதாக ஆரம்பித்த பிரிவுக்கு இருக்காது, ஏனென்றால் குறைந்தது இரண்டு செட் மாணவர்கள் படித்து வெளியே போயிருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. பளபளப்பான கையேட்டை விட அந்தப் பட்டியல் நம்பகமானது.

கல்லூரி பஸ்ஸையும் கேளுங்கள். கொருக்குப்பேட்டைக்குள் வருமா, மின்ட்டிலோ மூலக்கடையிலோ போய் நிற்க வேண்டுமா, எத்தனை மணிக்கு, ஆண்டுக்கு எவ்வளவு? ஓ.எம்.ஆர். பக்கக் கல்லூரி என்றால் விடியும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். நான்கு வருடம் அப்படிப் போக முடியுமா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

இனி அந்த போன். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களைக் கவுன்சலிங்குக்குத் தர வேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதம். கவுன்சலிங்கில் யார் வருவார்கள் என்பது கல்லூரியின் கையில் இல்லை. மீதி மேனேஜ்மென்ட் இடங்களை அவர்களே நிரப்பியாக வேண்டும். முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் நடுவில் பெற்றோர் பயந்து கிடக்கும் நாட்கள்தான் அவர்களுக்குத் தோதான நேரம். அங்கே நேரடியாகச் சேர்ந்தால் கட்டணம் அதிகம். அதோடு, உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவள்தான். அந்தக் கல்விக் கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. 10,000 ரூபாய்க்கு இடம் பிடிக்கப் போய் நான்கு வருடச் சலுகையை இழக்க வேண்டாம். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள்.

அசல் மார்க் ஷீட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்று பல்கலைக்கழகங்களைக் கவனிக்கும் யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்லூரிகளைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கின்றன. குறித்த நாளுக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஆனால் ரசீது இல்லாமல் 'அட்வான்ஸ்' கொடுத்துவிட்டு விதியைக் காட்டிப் பயனில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்ஜினீயரிங் இடம் வரும் வரை இப்போதைக்குப் பாரதியில் சேர்த்துவிடுங்கள். அரசுக் கல்லூரி, கட்டணம் சொற்பம், கணிதம் கெட்டியான படிப்பு. அரசுக் கலைக் கல்லூரிகளில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி ரேங்க் பட்டியல். இன்ஜினீயரிங்குக்குப் போகிறவர்கள் விலக விலக அது கீழே இறங்கும். உங்களுக்கு அழைப்பு வந்ததும் அப்படித்தான் இருக்கும், அடுத்த மாதம் வரை காத்திருக்காது. சேரும்போது டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நான்கு நகல் எடுத்து வையுங்கள். இன்ஜினீயரிங் இடம் வந்தால் அன்றைக்கே விலகல் கடிதம் கொடுத்து டி.சி. கேளுங்கள், இரண்டு மூன்று நாள் ஆகக்கூடும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா, வேண்டாம் என்று அடுத்த சுற்றுக்குப் போவதா என்று குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். 'மேலே' என்று கொடுத்து மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கையில் இருந்தது தானாக அடுத்தவருக்குப் போகும், திரும்ப வராது. ஒதுக்கியதே பிடித்திருந்தால் ஏற்றுச் சேர்ந்துவிடுங்கள்.

பதிவில் கொடுத்த செல்போன் எண் யாருடையது என்று பாருங்கள். ஓ.டி.பி.யும் கடவுச்சொல்லும் பிரவுசிங் சென்டர்காரரிடம் இருக்கக் கூடாது. பட்டியலை முதல் நாள் இரவே தாளில் எழுதி, குறியீட்டு எண்ணோடு தங்கையே உட்கார்ந்து பதியட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படியுங்கள்.