பேட்டரி முனைகளை மாற்றி இணைத்ததால் பழுதான கார்: கடைக்காரர் பொறுப்பேற்க வேண்டுமா?

கேள்வி: நான் மதுரையில் வசிக்கிறேன். கடந்த மாதம் திண்டுக்கல்லில் ஒரு கடையில் ரூ.6,200 கொடுத்துச் சொந்தக் காருக்குப் புதிய பேட்டரி வாங்கினேன். கடைப் பணியாளர் அதைப் பொருத்தும்போது பிளஸ், மைனஸ் ஒயர்களை மாற்றி இணைத்துவிட்டார். தீப்பொறி பறந்து வண்டி நின்றுபோனது. ஆல்டர்னேட்டரையும் (வண்டி ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் பாகம்) இசிஎம்மையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) மாற்ற ரூ.58,400 ஆகும் என்கிறது சர்வீஸ் சென்டர். கடைக்காரரோ, "மாட்டித் தந்தது இலவசம், வண்டியும் ஒன்பது வருடப் பழசு, வேண்டுமானால் வேறு பேட்டரி தருகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், வேறு பேட்டரியைப் பெற்றுக்கொண்டு "இனிப் பாக்கி எதுவும் இல்லை" என்ற பொருளில் எதிலும் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

கடைக்காரர் "இலவசம்" என்று சொல்வதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(42), கட்டணமின்றி அளிக்கப்படும் சேவையைச் "சேவை" என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் உங்கள் நேர்வில் பேட்டரியைப் பொருத்தியது விற்பனையிலிருந்து பிரிந்து நிற்கும் தயவு அல்ல; வாங்குபவர் அந்தக் கடையைத் தேடி வருவதற்கே அதுவும் ஒரு காரணம் என்பதால், நீங்கள் கொடுத்த ரூ.6,200-க்குள் அந்த வேலையும் அடக்கம் என்றே வாதிட வேண்டும், அந்த வாதம் வலுவானது என்பதே என் கருத்து. பொருத்தியதில் நேர்ந்த கவனக்குறைவு பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடாகும். பணியாளரின் தவறுக்குக் கடை உரிமையாளரே பொறுப்பு.

"வண்டி பழசு" என்ற வாதத்துக்குப் பதில் பழுதான பாகங்களிலேயே இருக்கிறது. முனைகள் சரியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டரிலுள்ள டயோடுகள் பேட்டரியின் மின்சாரம் திரும்பிப் பாயாதபடி தடுக்கின்றன. முனைகள் மாறினால் அதே டயோடுகள் வழிவிட, பெரும் மின்னோட்டம் பாய்ந்து மெயின் ஃபியூஸும் டயோடுகளும் எரிந்துபோகின்றன. ஆகவே உருகிய ஃபியூஸையும் கழற்றிய ஆல்டர்னேட்டரையும் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வையுங்கள். சில சமயம் ஃபியூஸ் உடனே உருகி இசிஎம் தப்பிவிடுவதும் உண்டு என்பதால், அதை முறையாகச் சோதித்த பிறகே மாற்றச் சொல்லுங்கள். சோதிக்காமல் மாற்றிய பாகத்தின் விலையைக் கேட்டால், உங்கள் கோரிக்கை முழுவதன் மீதும் சந்தேகம் விழும்.

பழுதின் காரணம் முனைகள் மாறியதே என்று சர்வீஸ் சென்டரின் தலைப்புத்தாளில், கையொப்பத்துடன் அறிக்கை பெறுவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் உறுதிப்படுத்தியது. பேட்டரி பில், பணம் செலுத்திய பதிவு, ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டரின் வேலைப் பதிவுச் சீட்டு) ஆகியவற்றோடு அந்த வாட்ஸ்அப் செய்தியையும் சேருங்கள். வேறு பேட்டரி தர அவர் முன்வந்தது பொறுப்பை முழுதும் ஒப்புக்கொண்டதாகாது, ஆயினும் வேலையைச் செய்தது அவருடைய கடைதான் என்பதை அது காட்டும். செய்தியின் அச்சுப்படியுடன் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்துக்குத் தரப்படும் சான்றிதழையும் இணைப்பது நல்லது.

பிறகு தொகையைக் குறிப்பிட்டு, பதினைந்து நாள் அவகாசத்துடன், ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்கிட பிரிவு 34(2)(d) இடமளிப்பதால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் செலுத்திய விலை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் கிடையாது. தவறு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைத் தாக்கல் செய்ய வேண்டும்.

பழைய பாகத்துக்குப் பதில் புதியது வருவதால் ஆணையம் தேய்மானமாக ஒரு பகுதியைக் கழிக்கக்கூடும். அதற்கு மனதளவில் தயாராக இருங்கள். வண்டியில்லாத நாட்களின் வாடகைக் கார் செலவை ரசீதுடன் கேட்கலாம். வாகனக் காப்பீட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம், ஏனெனில் வழக்கமான பாலிசிகள் மின்பழுதை விலக்கியே வைத்திருக்கின்றன. அறிக்கையும் புகைப்படங்களும் கைக்கு வரும்வரை பழுதுபார்ப்பைத் தொடங்க ஒப்புதல் கொடுக்காதீர்கள்.