இலங்கையில இருந்த போர்நிறுத்தக் கண்காணிப்புக்குழுவால சனத்துக்கு ஏதும் பிரயோசனம் இருந்ததா?

இருந்தது. ஆனா சனம் எதிர்பார்த்த பிரயோசனம் இல்லை.

நான் அப்ப வவுனியாவில படிச்சுக்கொண்டு இருந்தனான். 2002 பெப்ரவரி 22 அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகின பிறகு வந்தவை, நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து எண்டு அஞ்சு நாட்டு ஆக்கள், கையில துவக்கு இல்லை. வெள்ளைக்காரர் வந்திட்டினம் இனிச் சண்டை வராது எண்டுதான் எங்கட ஆக்கள் நினைச்சவை. ஆனா அவைக்கு இருந்த அதிகாரம் முறைப்பாடு எடுத்து விசாரிச்சு இது மீறல் இது மீறல் இல்லை எண்டு சொல்லுறது மட்டும்தான், தடுக்கவும் ஏலாது தண்டிக்கவும் ஏலாது. அவையின்ர மாவட்டக் கமிட்டியில அரசாங்கம் ரெண்டு பேர், புலிகள் ரெண்டு பேர், தலைமைக்கு வெளிநாட்டுக்காரர் ஒராள்.

2006இல மாமியின்ர மகன் கடைக்குப் போனவன் திரும்பி வரேல்லை. மாமி ஏறி இறங்காத கந்தோர் இல்லை, ஒருத்தரும் அவவை இருத்திக் கதைக்கேல்லை. கண்காணிப்புக்குழுவிட்டப் போகேக்க நானும் கூடப் போனனான், மொழிபெயர்க்கிற அண்ணா சொல்லச் சொல்ல அந்த வெள்ளைக்காரப் பொம்பிளை எல்லாத்தையும் எழுதினவ, என்ன சேர்ட் போட்டவன், சைக்கிள் என்ன கலர், செயின்கவர் இருந்ததோ எண்டுகூடக் கேட்டவ. மாமி அண்டைக்குத்தான் வந்து சோறு திண்டவ.

அதே வருசம்தான் எல்லாம் குலைஞ்சது. மே மாசம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ய, அந்த ஒன்றியத்து நாட்டுக்காரர் குழுவில இருக்கக்கூடாது எண்டு புலிகள் சொல்லிச்சினம், 57 பேரில 37 பேர் சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர், அவ்வளவு பேரும் வெளிக்கிட்டிட்டினம். ஆகஸ்டில மூதூரில தொண்டு நிறுவன ஊழியர் 17 பேரைச் சுட்டது அரச படையள் எண்டு அப்ப குழுத் தலைவரா இருந்த உல்ஃப் ஹென்றிக்சன் சொல்ல அரசாங்கத்துக்குக் கோவம். கண்காணிப்புக்குழுவின்ர கணக்கில மீறல் கூடச் செய்தது புலிகள், பிள்ளையளைப் படையில சேர்த்தது அதில பெரிய பங்கு, அதால அந்தப் பக்கமும் கோவம். ரெண்டு பக்கமும் கோவப்பட்டதாலதான் நான் அவையை நம்புறன்.

2008 ஜனவரி 16ஓட ஒப்பந்தத்தை அரசாங்கம் முடிச்சிட்டுது, கண்காணிப்புக்குழுவில மிச்சம் இருந்தவையும் வெளிக்கிட்டிட்டினம். பிறகு ஆரோ மகனைக் கண்டதெண்டு சொல்ல, அதையும் எழுதுவிக்க மாமி திரும்ப அங்க போனவ. கேற் பூட்டியிருந்தது.