வாலிபர் பக்கம்: கடல் கடந்த நட்பு, வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பாப்டிஸ்ட் சபையிலிருந்து ஆறு பேர் சர்வதேச வாலிபர் மாநாட்டுக்குப் பதிவு செய்திருக்கிறோம். ஆங்கிலம் வாசிப்போம், எழுதுவோம், பேச வராது. ஆறு பேரும் ஒன்றாகவே சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுவோமோ என்று கவலை. (ஒரு வாசகர், கருங்கல்)

பதில்: நியாயமான கவலைதான், தம்பி. பல குழுக்களுக்கு அதுதான் நடக்கிறது. ஆராதனை அரங்கில் ஆயிரக்கணக்கானோர் இருந்தாலும் எல்லார் முகமும் மேடையைப் பார்த்தபடி இருக்கும். அங்கே நட்பு பிறக்காது. சாப்பாட்டு மேசையிலும், வேதப்படிப்புச் சிறுகுழுவிலும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வரிசையிலும்தான் பிறக்கும்.

அதனால் புறப்படும் முன்பே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு மட்டும் ஆறு பேரும் சேர்ந்து. காலையும் மதியமும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து வேறு மேசைகளில் உட்காருங்கள். தனி ஆளுக்குக் கூச்சம் வரும். மூன்று பேர் சேர்ந்தால் தங்களுக்குள் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பேர்தான் சரி. பதினெட்டு வயது நிறையாதவர்கள் எந்த மேசையில், எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பது கூடவரும் பொறுப்பாளருக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். இதில் தளர்வு கூடாது.

பதிவுப் படிவத்தில் ஒரு இடம் முக்கியம். நம் பாஸ்போர்ட்டில் பலருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அதைப் பார்த்து பேட்ஜ் அச்சடித்தால் ஐந்து நாளும் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அழைக்கும் பெயர் என்று தனிக் கட்டம் இருந்தால் அதில் வீட்டில் கூப்பிடும் சிறிய பெயரை எழுதுங்கள்.

பேச்சைத் தொடங்க நான்கு வாக்கியம் போதும்: பெயர், ஊர், வீட்டில் என்ன தொழில், பிறகு எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி. கேள்வி இல்லாமல் முடித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ரப்பர் பால் வெட்டு, குளச்சல் வள்ளங்கள், உங்கள் சபைக் கட்டிடம், வீட்டு முற்றம் என்று நான்கைந்து படங்களை அச்சடித்து எடுத்துப் போங்கள். ஃபோனில் காட்டினால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். தாளில் உள்ள படம் கை மாறும், ஆளுக்கொரு கேள்வி வரும். புரியாதபோது சிரித்துத் தலையாட்டாதீர்கள். நாம் 'சரி' என்று பக்கவாட்டில் ஆட்டும் தலையை, பல நாட்டினர் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்வார்கள். "மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கமே இல்லை. கொரியரும் பிரேசில்காரரும் ஆங்கிலத்தில் உங்களைப் போலவே தடுமாறுவார்கள். அவர்களோடுதான் சீக்கிரம் ஒட்டும்.

இன்னொரு வழி, எல்லார் கையிலும் இருக்கும் வேதாகமம். யோவான் 3:16 எந்த மொழியிலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அவரவர் மொழியில் வாசித்து, பிடித்த ஒரு வசனத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாற்காலி அடுக்குவது, பாத்திரம் கழுவுவது, பாடகர் குழு போன்ற வேலைகளுக்குப் பெயர் கேட்டால் முதல் ஆளாகக் கொடுத்துவிடுங்கள். சேர்ந்து வேலை செய்யும்போது பேச்சு குறைவாக இருந்தாலும் சங்கடம் தெரியாது.

கேள்வி: என்ன பரிசு கொண்டு போகலாம்? (ஒரு வாசகி, தக்கலை)

பதில்: முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் நல்லவை, கெட்டுப்போகாது, பகிர்ந்து தின்னலாம். ஆனால் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உணவுப்பொருள் எதுவானாலும் வருகை அட்டையில் எழுத வேண்டும். எழுதிக் காட்டியதை அதிகாரி எடுத்துக்கொண்டால் பொருள் மட்டும்தான் போகும். மறைத்தால் கடும் அபராதம். கருவாடு, விதைகள் வேண்டாம். கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் அதை விமானத்தில் அனுமதிப்பதில்லை. கைப்பையில் தேங்காயெண்ணெய் 100 மில்லிக்கு மேல் கூடாது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

விலை கூடிய பரிசு கொடுக்காதீர்கள். வாங்கியவர் திருப்பிக் கொடுக்க என்ன செய்வது என்று தவிப்பார்.

கேள்வி: அங்கே பெண் போதகர்கள் உண்டாம், ஆராதனையில் நடனமாடுவார்களாம். இவர்களும் பாப்டிஸ்ட்தானா? (ஒரு வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: ஆம். பேராயரும் (பிஷப்) அவர் நிர்வகிக்கும் திருமண்டலமும் உள்ள சபைகளை அக்கம்பக்கத்தில் பார்த்து வளர்ந்ததால் இந்தச் சந்தேகம் வருகிறது. பாப்டிஸ்ட்களில் ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கிறது. 1905-ல் லண்டனில் தொடங்கிய உலக பாப்டிஸ்ட் கூட்டமைப்பு ஐக்கியத்துக்கானது. உள்ளூர்ச் சபைக்குக் கட்டளையிடும் அதிகாரம் அதற்கில்லை. அறிந்து விசுவாசித்தவருக்கு முழுக்கு ஞானஸ்நானம் என்பது பொது. பாட்டும் உடையும் பெண்கள் முக்காடிடுவதும் நாட்டுக்கு நாடு மாறும். 1931-ல் பிராக் நகரில் நடந்த முதல் உலக பாப்டிஸ்ட் வாலிபர் மாநாடு முதல் இந்த வேறுபாடுகளோடுதான் கூடுகிறார்கள்.

"ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் குற்றச்சாட்டாகத் தொனிக்கும். "உங்கள் சபையில் இது எப்படி ஆரம்பித்தது?" என்று கேளுங்கள், மனம் திறந்து பேசுவார்கள். சாப்பாட்டோடு ஒயின் அருந்தும் விசுவாசிகளை ஐரோப்பாவில் பார்க்கலாம். "எனக்கு வேண்டாம், நன்றி" போதும், பிரசங்கம் வேண்டாம். கட்டியணைக்க வருகிறவரிடம் உங்களுக்கு விருப்பமில்லையென்றால் முந்திக்கொண்டு கைகூப்புங்கள்; யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சம்பளம், வயது, கல்யாணம் பற்றி முதல் நாளே கேட்காதீர்கள்.

கேள்வி: வெளிநாடு போக வசதியில்லை. (ஒரு வாசகி, குலசேகரம்)

பதில்: நாகாலாந்துக்குப் போங்கள், சகோதரி. அங்கே மக்களில் பெரும்பான்மையோர் பாப்டிஸ்ட்கள். மொழி, உணவு, பாட்டு எல்லாம் நமக்குப் புதிது. உள்நாடுதான் என்றாலும் உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும். இணையவழியில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பன்றிக்கறி அங்கே அன்றாட உணவு. சாப்பிட மாட்டீர்கள் என்றால் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். இலையில் வைத்தபின் ஒதுக்கினால் சமைத்தவர் மனம் நோகும்.

கேள்வி: ஊர் திரும்பியபின் இரண்டு மாதத்தில் வாட்ஸ்அப் குழு அடங்கிவிட்டது. இப்போது பிரேசில் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வர விரும்புகிறார். (ஒரு வாசகர், குளச்சல்)

பதில்: பெரிய குழுவில் எல்லாரும் படிப்பார்கள், யாரும் பதில் எழுத மாட்டார்கள். இரண்டு அல்லது மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் ஒருமுறை பேசுங்கள். கொரியர்கள் காக்காவோடாக் என்ற செயலியையும் ஜப்பானியர் லைன் என்ற செயலியையும்தான் அதிகம் பார்ப்பார்கள். நமக்கு ஞாயிறு மாலை 7 மணி, பிரேசிலின் சாவோ பாவ்லோவில் காலை 10:30. அவர் ஆராதனையில் இருப்பார். சனிக்கிழமை அதே நேரம் கூப்பிடுங்கள். போன முறை அவர் சொன்ன ஜெபக் குறிப்பை எழுதிவைத்து, அதைப் பற்றி முதலில் விசாரியுங்கள்.

பணம் மட்டும் கேட்காதீர்கள், சபைக் கட்டிடத்துக்கென்றாலும். கேட்ட நாளிலிருந்து அவர் உங்கள் ஒவ்வொரு செய்தியையும் தயங்கியே திறப்பார். சட்டமும் இருக்கிறது: வெளிநாட்டு நன்கொடை பெற சபைக்கு உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும்.

நண்பர் வீட்டில் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு படிவம் சி) நீங்கள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இது பொருந்தும். பாஸ்போர்ட், விசா நகல்களைக் கையில் வைத்திருங்கள். சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் செய்யக் கூடாது. "இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்று போதகர் அன்பாக அழைத்துவிடுவார். பழி நண்பர் தலையில் விழும். முந்தின நாளே போதகரிடம் சொல்லிவிடுங்கள்.